கால் அங்குல போல்ட், ஆனால் எந்தக் கால் அங்குலம்?

சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை ஜப்பானியத் தயாரிப்புகள். ஆகவே, இங்கே வண்டி வேலை பழகுகிற ஒருவர் முதலில் வாங்குகிற ஸ்பேனர் பெட்டியில் 8, 10, 12, 14, 17 என்று மில்லிமீட்டர் எண்கள் மட்டுமே இருக்கும். அந்தப் பெட்டியைக் கொண்டே பல ஆண்டுகள் குறையின்றி வேலை செய்துவிடவும் முடியும். தாத்தா விட்டுச்சென்ற ஒரு பிஎஸ்ஏ, நண்பர் கைமாற்றிக் கொடுத்த பழைய ட்ரையம்ஃப், சென்னையில் செய்த பழைய என்ஃபீல்டு புல்லட், அல்லது ஒரு ஹார்லி முன்னால் வந்து நிற்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. 13 ஸ்பேனர் போல்ட்டின் தலையில் ஏறாது. 14 ஏறும், ஆனால் வழுக்கும். கையில் இருப்பதை வைத்து ஓர் அழுத்து அழுத்தினால், அறுபது எழுபது ஆண்டுகள் தாங்கி நின்ற போல்ட்டின் முனைகள் ஒரு நொடியில் மழுங்கிவிடும்.

ஸ்பேனர் பொருந்தாதது சிறிய சிக்கல்தான், ஏனெனில் அது கண்ணுக்குத் தெரிகிறது. தவறான மரையுள்ள போல்ட் ஏறுவதுபோல் ஏறி, இறுகுவதுபோல் இறுகி, ஓடும் வண்டியில் கழன்றுவிடுவதே பெரிய சிக்கல். போல்ட்டின் தலையை அளப்பது ஒரு வேலை, அதன் மரையை அறிவது வேறொரு வேலை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், பழைய வண்டிகளில் நிகழும் சேதத்தில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம். அந்த இரண்டாவது வேலையைச் செய்யும் முறையையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அங்குல அளவு நமக்கு அந்நியமானதன்று. ஒன்றைப் பாதியாக்கி, பாதியை மீண்டும் பாதியாக்கி, அரை, கால், அரைக்கால், வீசம் என்று பதினாறில் ஒரு பங்குவரை பெயரிட்டு அழைத்தது தமிழ்க் கணக்கு. அங்குலக் கோலில் உள்ள கோடுகளும் அதே வழியில்தான் பிரிந்துபோகின்றன. 3/8 அங்குலம் என்பது காலே அரைக்கால். 5/16 என்பது காலே வீசம். 3/16 என்பது மூவீசம். தச்சரும் இரும்பு வேலை செய்வோரும் இன்றும் சொல்கிற ‘நூல்’ என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஆகவே இரண்டு நூல் போல்ட் என்றால் கால் அங்குல போல்ட், மூன்று நூல் என்றால் 3/8, நான்கு நூல் என்றால் அரை அங்குலம். இந்தக் கணக்கு மெட்ரிக் வண்டியிலும் ஒளிந்திருக்கிறது. ஜப்பானிய வண்டியின் சங்கிலியில் 520 என்று எழுதியிருந்தால், முதலில் வரும் 5 என்பது ஒரு முள்ளுக்கும் அடுத்த முள்ளுக்கும் இடையே ஐந்து நூல், அதாவது 5/8 அங்குலம் என்பதையும், அடுத்து வரும் 20 என்பது உள்ளகலம் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம் என்பதையும் குறிக்கிறது. அதுபோலவே பழைய பிரிட்டிஷ் வண்டியிலும் ஸ்பார்க் பிளக் மட்டும் 14 மில்லிமீட்டர் மெட்ரிக் மரையாக இருக்கும். எந்த வண்டியும் முற்றிலும் ஒரே முறையைச் சேர்ந்ததாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

என் பெரியப்பா செம்பவாங் கடற்படைத் துறையில் ஃபிட்டராக வேலை பார்த்தவர். 1971இல் பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரை விட்டு வெளியேறிய பிறகும் அவருடைய கருவிப் பெட்டியில் இருந்தவை விட்வர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல முறை ஸ்பேனர்களே. “ரெண்டு நூல் போல்ட்டு ஒண்ணு எடுத்துக்கிட்டு வாடா தம்பி” என்று அவர் சொல்லும்போது, பெட்டியில் இருக்கும் எந்தக் கால் அங்குல போல்ட்டையும் எடுத்துப்போய்க் கொடுத்துவிடலாம் என்றுதான் சிறுவயதில் நினைத்திருந்தேன். அவர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பெரும்பாலானவற்றைத் திருப்பிக் கொடுப்பார். கால் அங்குலம் என்ற ஒரே பெயரில் குறைந்தது ஐந்து வெவ்வேறு மரைகள் உண்டு என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கியது.

மரையை அடையாளம் காட்டுபவை

ஒரு மரையை முழுமையாக அறிய மூன்று அளவுகள் வேண்டும். முதலாவது போல்ட்டின் வெளிவிட்டம். இரண்டாவது மரைகளின் நெருக்கம்: மெட்ரிக் முறையில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் சொல்கிறோம், அங்குல முறையில் ஓர் அங்குல நீளத்தில் எத்தனை மரைகள் உள்ளன என்று எண்ணிச் சொல்கிறோம். மூன்றாவது, மரையின் பள்ளத்தை வெட்டியிருக்கும் கோணம். முதல் இரண்டையும் எல்லோரும் அளக்கிறார்கள். மூன்றாவதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

கோணம் ஏன் வேறுபடுகிறது என்பதை அறியச் சற்றுப் பின்னே செல்ல வேண்டும். ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஜோசப் விட்வர்த் பல பட்டறைகளின் போல்ட்டுகளைத் திரட்டி ஒப்பிட்டு, 55 பாகைக் கோணமும் உருண்டையான முகடும் பள்ளமும் கொண்ட ஒரு பொது மரையை 1841இல் முன்வைத்தார். பிஎஸ்டபிள்யூ எனப்படும் விட்வர்த் மரை அதுவே. அது பரும்படியானது: கால் அங்குலத்தில் 20 மரை, 5/16இல் 18, 3/8இல் 16. அதிர்வு மிகுந்த இடங்களுக்கு இன்னும் நெருக்கமான மரை வேண்டியிருந்ததால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே 55 பாகையில் பிஎஸ்எஃப் என்ற நுண்மரை வந்தது. அதில் கால் அங்குலத்துக்கு 26, 5/16க்கு 22, 3/8க்கு 20. அமெரிக்காவிலோ 1864இல் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணத்தில் தட்டையான முகடுகொண்ட மரையை முன்மொழிந்தார். அந்த நாட்டின் வழி அதிலிருந்தே கிளைத்தது.

மோட்டார் சைக்கிள்காரர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது சைக்கிள் மரை. மிதிவண்டித் தொழிலுக்காக வகுக்கப்பட்டு, சிஇஐ என்றும் பின்னர் பிஎஸ்சி என்றும் பெயர் பெற்ற இந்த மரைக்குக் கோணம் 60 பாகை. பிரிட்டனின் பழைய மோட்டார் சைக்கிள் நிறுவனங்களில் பல மிதிவண்டிப் பட்டறைகளாகத் தொடங்கியவை என்பதால், அந்த மரை வண்டியெங்கும் பரவிவிட்டது. கால் அங்குலம், 5/16, 3/8 ஆகிய மூன்றுக்கும் ஒரே 26 மரை என்பது இதன் தனித்தன்மை. அரை அங்குலத்திலும் அதற்கு மேலும் 20 மரை, 26 மரை ஆகிய இரண்டும் காணப்படும். கார் வேலை மட்டுமே தெரிந்த ஒருவர் 3/8 அங்குலத் தண்டில் 26 மரையைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் ஒருவர் கருவியை மற்றவர் செய்யவும் பழுதுபார்க்கவும் வேண்டியிருந்தபோது, 55க்கும் 60க்கும் உள்ள ஐந்து பாகை வேறுபாடு பெரும் இடையூறாக இருந்தது. அதன் விளைவாக 1948 நவம்பரில் அம்மூன்று நாடுகளும் 60 பாகையில் ஒரு பொது மரைக்கு உடன்பட்டன. யூஎன்சி என்பது அதன் பருமரை. யூஎன்எஃப் அதன் நுண்மரை. யூஎன்சியில் கால் அங்குலத்துக்கு 20, 5/16க்கு 18, 3/8க்கு 16. யூஎன்எஃப்பில் முறையே 28, 24, 24. உடன்பாடு கையெழுத்தானாலும், பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் நிறுவனங்கள் தம் பழைய வெட்டுக் கருவிகளை விட்டுவிட இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டன.

சிறிய திருகுகளுக்குப் பிஏ என்றொரு தனிக் குடும்பம் உண்டு. அதன் கோணம் 47.5 பாகை. ஆங்கிலேயரின் மரையாக இருந்தும் அது மில்லிமீட்டரில் பிறந்தது: 0 பிஏ என்பது 6 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. இடைவெளியும் கொண்டது, எண் கூடக்கூடத் திருகு சிறுத்துக்கொண்டே போகும். லூக்காஸ் நிறுவனத்தின் மின் பாகங்களிலும் கார்புரேட்டரின் சிறு திருகுகளிலும் 2 பிஏ, 4 பிஏ ஆகியவற்றைக் காணலாம். அவற்றின் விட்டம் முறையே 4.7, 3.6 மி.மீ.

எண்ணெய்க் குழாயும் பெட்ரோல் குழாயும் இணைகிற இடத்தில் பிஎஸ்பி என்ற குழாய் மரை வரும். அதில் சொல்லப்படும் அளவு மரையின் விட்டமன்று. ஒருகாலத்தில் இருந்த குழாயின் உள்துளையைக் குறித்தது. ஆகவே கால் அங்குல பிஎஸ்பி மரையை அளந்தால் 13.16 மி.மீ. காட்டும், 19 மரை இருக்கும். பிரிட்டிஷ் வண்டியின் பெட்ரோல் டாங்கியில் உள்ள குழாய்க்கு இதை அறியாமல் அரை அங்குல போல்ட் மரையைத் தேடி அலைந்தவர்கள் பலர்.

ஸ்பேனரில் எழுதியிருப்பது எதன் அளவு?

பழைய விட்வர்த் ஸ்பேனரில் 1/4 என்று எழுதியிருந்தால், அந்த ஸ்பேனரின் வாய் கால் அங்குலம் என்று பொருளன்று. கால் அங்குல விட்டமுள்ள விட்வர்த் போல்ட்டின் தலைக்கு அது பொருந்தும் என்று பொருள். வாயை அளந்தால் 0.525 அங்குலம், அதாவது 13.3 மி.மீ. இருக்கும். அதே ஸ்பேனரில் 5/16 பிஎஸ் என்றும் எழுதியிருப்பதைக் காணலாம், ஏனெனில் பிஎஸ்எஃப் போல்ட்டின் தலை, அதே விட்டமுள்ள விட்வர்த் போல்ட்டின் தலையைவிட ஒரு படி சிறியது. போர்க்காலத்தில் இரும்பை மிச்சப்படுத்த விட்வர்த் தலைகளையும் ஒரு படி குறைத்துவிட்டார்கள். ஆகவே ஸ்பேனரில் உள்ள எண்ணை வைத்து மரையை ஊகிப்பது போருக்குப் பிந்தைய வண்டிகளில் செல்லாது.

யூஎன்சி, யூஎன்எஃப் போல்ட்டுகளுக்கு ஏஎஃப் ஸ்பேனர் வேண்டும். அதில் எழுதியிருப்பது அறுபட்டைத் தலையின் எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையே உள்ள தூரம். கால் அங்குல போல்ட்டுக்கு 7/16 ஏஎஃப், 5/16 போல்ட்டுக்கு 1/2 ஏஎஃப், 3/8 போல்ட்டுக்கு 9/16 ஏஎஃப் என்பது பொதுவான வழக்கம். 1/2 ஏஎஃப் என்பது 12.7 மி.மீ. என்பதால் 13 ஸ்பேனர் அதில் ஏறிவிடும். லேசான பிடிக்கு நிற்கும், துருப்பிடித்த போல்ட்டில் முனையை உருட்டிவிடும். 3/4 ஏஎஃப் 19.05 மி.மீ.; அதற்கு 19 ஸ்பேனரைத் தயங்காமல் போடலாம். 5/16 ஏஎஃப் தலைக்கு 8ம் அப்படியே. மற்ற எதற்கும் மெட்ரிக் ஸ்பேனரைக் கொண்டு சமாளிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஒரு நல்ல விட்வர்த் ரிங் ஸ்பேனர் தொகுதியின் விலை, முனை மழுங்கிய ஒரே ஒரு போல்ட்டை எஞ்சின் உடலிலிருந்து துளைத்து எடுக்கும் கூலியைவிடக் குறைவாகவே இருக்கும்.

மேசையில் வைத்து அளப்பது

முதலில் போல்ட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளைக் கம்பித் தூரிகையால் மரையின் பள்ளங்கள் தெளிவாகத் தெரியும்வரை தேய்க்க வேண்டும். அழுக்கோடு அளந்தால் விட்டமும் பொய் சொல்லும், மரை எண்ணிக்கையும் பொய் சொல்லும். பிறகு தலையைப் பாருங்கள். 8.8 அல்லது 10.9 போன்ற எண் பொறித்திருந்தால் அது மெட்ரிக் போல்ட். முன்பு வண்டியை வைத்திருந்தவர் எங்கோ கிடைத்ததைப் போட்டிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். தலையிலோ பட்டையிலோ ஒன்றையொன்று தொட்டு நிற்கும் சிறு வட்டங்கள் இருந்தால் பிரிட்டனில் செய்த யூஎன் மரை, அதாவது யூஎன்சி அல்லது யூஎன்எஃப். நடுவிலிருந்து விரியும் மூன்று கோடுகளோ ஆறு கோடுகளோ இருந்தால் அமெரிக்கத் தரக்குறியீடு. மூன்று கோடு தரம் 5, ஆறு கோடு தரம் 8. எதுவும் இல்லையென்றால் அளந்துதான் அறிய வேண்டும்.

வெர்னியர் காலிப்பரால் மரை உள்ள பகுதியின் வெளிவிட்டத்தை அளக்கவும். பயன்படுத்திய போல்ட் பெயரளவைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும், ஆகவே 6.2 அல்லது 6.3 மி.மீ. என்று வந்தால் கால் அங்குலம், அதாவது 6.35, 7.8 என்று வந்தால் 5/16, அதாவது 7.94, 9.4 என்றால் 3/8, அதாவது 9.53, 11 என்றால் 7/16, 12.6 என்றால் அரை அங்குலம். எப்போதும் அளவு மேலே உள்ள எண்ணை நோக்கிப் போகும், கீழே உள்ளதை நோக்கியன்று.

மரையை எண்ணுவதற்குச் சிறந்த கருவி பிட்ச் கேஜ் எனப்படும் பல்தகடு. 55 பாகைக்கு ஒன்று, 60 பாகைக்கு ஒன்று, மெட்ரிக்குக்கு ஒன்று என மூன்று தொகுதிகள் தேவைப்படும். தகட்டை மரையில் பொருத்தி, பின்னால் விளக்கை வைத்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் எங்கும் கசியாமல் பல் முழுவதும் உட்கார்ந்தால் மட்டுமே அது சரியான தகடு. நெருக்கம் சரியாக இருந்து, பள்ளத்தின் ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடாக ஒளி கசிந்தால், கோணம் தவறு என்று பொருள். இதைக் காணக் கண் பழக வேண்டும். தெரிந்த பிஎஸ்எஃப் போல்ட் ஒன்றையும் தெரிந்த பிஎஸ்சி போல்ட் ஒன்றையும் வைத்து ஒரு மாலை முழுவதும் பார்த்துப் பழகினால் போதும்.

கேஜ் இல்லையென்றால் அங்குலக் கோலை மரையோடு சேர்த்துப் பிடித்து, அரை அங்குல நீளத்தில் உள்ள மரைகளை எண்ணி இரண்டால் பெருக்கலாம். இதில் எல்லோரும் செய்கிற பிழை ஒன்று உண்டு: கோலின் தொடக்கக் கோட்டில் நிற்கும் முகட்டை ‘ஒன்று’ என்று எண்ணிவிடுகிறார்கள். அதைச் சுழியம் என்று வைத்துக்கொண்டு, அடுத்ததிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். அரை அங்குலத்தில் 13 வந்தால் 26 மரை. 14 வந்தால் 28. ஓர் எண் தவறினால் பிஎஸ்சி போல்ட் யூஎன்எஃப் ஆகிவிடும். மற்றொரு வழி, பத்து இடைவெளிகளின் நீளத்தைக் காலிப்பரால் அளந்து பத்தால் வகுப்பது. கிடைக்கும் மில்லிமீட்டரால் 25.4ஐ வகுத்தால் அங்குலத்துக்கு எத்தனை மரை என்பது வந்துவிடும். பத்து இடைவெளி 9.8 மி.மீ. என்றால் ஏறத்தாழ 26 மரை.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் நம்புவது மாதிரிக் கோவையை. அடையாளம் உறுதியான போல்ட்டும் நட்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, கம்பியில் கோத்து, தகட்டில் பெயர் பொறித்து வைத்திருக்கிறேன். தெரியாத போல்ட்டைத் தெரிந்த போல்ட்டோடு பக்கவாட்டில் சேர்த்து, மரைக்குள் மரை புகும்படி அழுத்தி வெளிச்சத்தில் பிடித்தால், நெருக்கம் ஒத்துப்போகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். துளையில் உள்ள மரையை அறியவும் இதே கோவை உதவும்; அதுவும் இல்லாதபோது, துளையைவிடச் சற்றே பருத்த மென்மரக் குச்சியை மெல்லத் திருகி உள்ளே செலுத்தி எடுத்தால், அதன்மேல் மரையின் பதிவு விழும்; அதை எண்ணிக்கொள்ளலாம்.

ஏறிவிட்டு ஏமாற்றும் இணைகள்

இந்தப் பகுதியை இருமுறை படிக்கும்படி வேண்டுகிறேன், ஏனெனில் உண்மையான சேதம் நிகழ்வது இங்கேதான்.

கால் அங்குல பிஎஸ்எஃப்புக்கும் கால் அங்குல பிஎஸ்சிக்கும் விட்டமும் ஒன்று, 26 மரை என்பதும் ஒன்று. கோணம் மட்டும் 55, 60 என்று வேறுபடும். ஒன்றின் நட் மற்றதன்மேல் ஏறிவிடும். ஏறினாலும், மரையின் பக்கங்கள் முழுவதும் ஒட்டிப் படியாமல் ஒரு விளிம்பில் மட்டும் தாங்கும். அந்த விளிம்பு நாளடைவில் நசுங்க, நட் தளரும். கால் அங்குல பிஎஸ்டபிள்யூவும் யூஎன்சியும் இதேபோன்ற இணை. 5/16, 3/8 அளவுகளிலும் இவ்விரண்டின் எண்ணிக்கை ஒன்றே. அரை அங்குலத்தில் மட்டும் விட்வர்த்துக்கு 12, யூஎன்சிக்கு 13 என்று பிரிந்துவிடுவதால் அங்கே தவறு தானே வெளிப்படும். மட்கார்டைப் பிடிக்கும் தகட்டில் இத்தகைய கலப்பு இருந்தால் உடனடி ஆபத்தில்லை. பிரேக், சக்கர அச்சு, ஹேண்டில்பார், எஞ்சின் தாங்கி ஆகிய இடங்களில் இதை ஒருபோதும் ஏற்கக் கூடாது.

பிஎஸ்சியின் 26ம் யூஎன்எஃப்பின் 28ம் கலந்தால், நட் சில சுற்றுகள் கையாலேயே ஏறிப் பிறகு இறுகும். ‘துரு, அதனால் இறுகுகிறது’ என்று நினைத்து ஸ்பேனர் போடுகிறவர், மரையை மரை வெட்டுவதையே செய்துகொண்டிருக்கிறார். 5/16 அங்குலத்தில் நிலைமை இன்னும் நெருக்கம்: பிஎஸ்சி 26, யூஎன்எஃப் 24, பிஎஸ்எஃப் 22. சிறிய திருகுகளில் 2 பிஏ 4.7 மி.மீ., 3/16 பிஎஸ்எஃப் 4.76 மி.மீ., யூஎன்எஃப்பின் 10ஆம் எண் திருகு 4.83 மி.மீ.; மூன்றிலும் மரையின் நெருக்கம் அங்குலத்துக்கு ஏறத்தாழ 32.

இவை எல்லாவற்றிலும் கொடியது மெட்ரிக் எம்6 போல்ட் கால் அங்குல 26 மரைத் துளையில் புகுவது. எம்6இன் விட்டம் 6 மி.மீ., இடைவெளி 1 மி.மீ.; துளையில் இருப்பதோ 6.35 மி.மீ. விட்டமும் 0.977 மி.மீ. இடைவெளியும். போல்ட்டின் விட்டம் குறைவாக இருப்பதால் அது தடையே இல்லாமல் உள்ளே போகும், இடைவெளியின் வேறுபாடு மிகச் சிறியது என்பதால் கடைசிவரை போகும். ஆனால் அது பற்றியிருப்பது மரையின் ஆழத்தில் ஒரு பகுதியை மட்டுமே. என் 1950களின் பிஎஸ்ஏ பி31இல் டைமிங் மூடியின் திருகு ஒன்று தொலைந்தபோது, பெட்டியில் கிடந்த எம்6 ஒன்றை நான் இப்படித்தான் போட்டேன். கையால் இலகுவாக ஏறியதைப் பார்த்து மகிழ்ந்து, கடைசிக் கால் சுற்று இறுக்கினேன். ஸ்பேனர் திடீரென்று கனமற்றுப்போனது. போல்ட்டை வெளியே எடுத்தபோது அதன் பள்ளங்களில் அலுமினியம் வெள்ளிச் சுருளாகச் சுற்றிக்கொண்டு வந்தது. எழுபது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு தொழிலாளி ஒழுங்காக வெட்டிய மரை அது. பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, திட்டவில்லை. “கையாலே ஏறுதுன்னு மட்டும் பாக்காதே. ஏறினப்புறம் ஆட்டிப் பாரு” என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சொல் இன்றும் என் முறையாக இருக்கிறது. போல்ட்டைக் கையால் பாதியளவு ஏற்றி நிறுத்தி, தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். சரியான மரையிலும் மிகச் சிறிய அசைவு இருக்கும். தலை கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் விட்டம் குறைவு. கையால் முழுவதும் ஏறாவிட்டாலும் தவறு, ஏறி ஆடினாலும் தவறு.

எந்த வண்டியில் எது

1960களின் நடுப்பகுதிவரை செய்த பிரிட்டிஷ் வண்டிகளில் பிஎஸ்சியும் பிஎஸ்எஃப்பும் பிஎஸ்டபிள்யூவும் பிஏவும் கலந்திருக்கும். அலுமினிய உடலில் பதிந்திருக்கும் ஸ்டட்டின், அதாவது இரு முனைகளிலும் மரையுள்ள தலையில்லாத தண்டின், ஒரு முனை பருமரையாகவும், நட் ஏறும் மறுமுனை நுண்மரையாகவும் இருப்பது வழக்கம். மென்மையான அலுமினியத்துக்கு ஆழமான மரை வேண்டும், நட் அதிர்வில் தளராமல் இருக்க நெருக்கமான மரை வேண்டும் என்பதே அதன் காரணம். ஆகவே ஸ்டட்டைத் தலைகீழாக மாட்டிவிடக் கூடாது. 1960களின் இறுதியில் ட்ரையம்ஃபும் பிஎஸ்ஏவும் யூஎன் மரைக்கு மாறத் தொடங்கின. ஆனால் மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை, பழைய வடிவமைப்பில் இருந்த எஞ்சின் பாகங்கள் பழைய மரையோடே தொடர்ந்தன. நார்ட்டன் கமாண்டோவிலும் அந்தக் கலப்பைக் காணலாம். ஆகவே 1968 முதல் 1975 வரையிலான வண்டிகளில்தான் மிகவும் எச்சரிக்கை தேவை. 1990களில் இங்கிலாந்தின் ஹின்க்லியில் மறுபிறவி எடுத்த ட்ரையம்ஃப் முழுவதும் மெட்ரிக்.

என்ஃபீல்டு புல்லட் 1955இல் சென்னைக்கு வந்தபோது பிரிட்டிஷ் மரையோடுதான் வந்தது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டிகளில் அம்மரைகளும், பின்னாளில் சேர்ந்த மெட்ரிக்கும் கலந்து கிடக்கும். ஹார்லியில் யூஎன்சி, யூஎன்எஃப், ஏஎஃப் ஸ்பேனர் என்று நினைத்துக்கொண்டு தொடங்கலாம்.

வாங்குவதும் பழுதுபார்ப்பதும்

சுங்கை ரோட்டுப் பழைய பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்படும்வரை, பழைய விட்வர்த் ஸ்பேனர்களையும், துளையில் மரை வெட்டும் டாப்புகளையும் அங்கே தரையில் விரித்திருந்த துணிகளிலிருந்து பொறுக்கி எடுத்தவர்களில் நானும் ஒருவன். இப்போது ஜாலான் புசார் வட்டாரத்து இரும்புச் சாமான் கடைகளில் யூஎன்சி, யூஎன்எஃப் போல்ட்டுகளைக் கேட்டுப் பார்க்கலாம்; பிஎஸ்சியைப் பெரும்பாலும் பிரிட்டனிலுள்ள பழைய வண்டிப் பாகக் கடைகளிலிருந்தே வரவழைக்க வேண்டும். கடைக்குப் போகும்போது பழைய போல்ட்டையும் அதற்குரிய நட்டையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். கடைக்கார அங்கிளிடம் “இரண்டு நூல்” என்றோ “கால் அங்குலம்” என்றோ மட்டும் சொல்லாமல், கால் அங்குலம், 26 மரை, சைக்கிள் மரை என்று மூன்றையும் சொல்லுங்கள். அவர் எடுத்துத் தருவதை அங்கேயே நட்டில் ஏற்றிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

நம் ஊரின் ஈரக் காற்றில், அலுமினிய உடலில் பதிந்த எஃகு போல்ட் அரிப்பினால் ஒட்டிக்கொள்ளும். ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு காத்திருந்து, வெப்பக் காற்றுக் கருவியால் அலுமினியத்தைச் சூடாக்கினால், எஃகைவிட அலுமினியம் அதிகம் விரிவதால் பிடி தளரும். கார்புரேட்டருக்கும் பெட்ரோல் டாங்கிக்கும் அருகே மட்டும் வெப்பம் கூடாது. அவற்றைக் கழற்றி வெளியே வைத்துவிட்டே தொடங்க வேண்டும்.

அழுக்கடைந்த துளையைச் சுத்தம் செய்ய டாப்பை எடுத்துச் செலுத்துவது பரவலான பழக்கம். அந்த டாப்பின் மரை உறுதியாகத் தெரியாவிட்டால் அது சுத்தம் செய்யாது, புதிய மரையைப் பழைய மரையின் குறுக்கே வெட்டிவிடும். அதற்குப் பதிலாக, அதே மரையுள்ள பழைய போல்ட் ஒன்றின் பக்கத்தில் நீளவாட்டில் இரண்டு மூன்று பள்ளங்களை அரத்தால் வெட்டி, எண்ணெய் தடவி உள்ளே விட்டு எடுத்தால், அழுக்கு அந்தப் பள்ளங்களில் சேர்ந்துகொண்டு வரும். மரைக்கு ஒன்றும் ஆகாது. மரை முற்றிலும் போய்விட்டால் ஹெலிகாயில் போன்ற கம்பிச்சுருள் செருகியைப் போடலாம். அது பிஎஸ்எஃப்புக்கும் பிஎஸ்சிக்கும்கூடக் கிடைக்கிறது. துளையைப் பெரிதாக்கி மெட்ரிக் மரை வெட்டிவிடுவது எளிது என்றாலும், அடுத்து அந்த வண்டியைத் தொடுபவர் ஏமாறுவார். வேறு வழியின்றி அப்படிச் செய்திருந்தால், அதை ஒரு தாளில் எழுதி வண்டியின் ஆவணங்களோடு வைத்துவிட வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது, மரையில் செம்புக் கிரீஸ் சிறிது தடவி, போல்ட்டைத் துளையில் வைத்து முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில் மெல்லச் சுற்றுங்கள். ஒரு கட்டத்தில் போல்ட் ‘டக்’ என்று சிறிது கீழே இறங்குவது விரலுக்குத் தெரியும். மரையின் தொடக்கம் மரையின் தொடக்கத்தைச் சந்தித்த இடம் அது. அங்கிருந்து வலப்பக்கமாகத் திருப்பி, குறைந்தது மூன்று சுற்றுகள் விரலாலேயே ஏற்றி, ஆட்டிப் பார்த்து, அதன் பிறகே ஸ்பேனரைக் கையில் எடுங்கள்.